பெரிய வெள்ளிச் சீட்டுகள்

டீ வேண்டாம் சார். தப்பாக நினைக்காதீர்கள். இருபது வருஷமாக இலை வாட்டுகிற மாடியில் நிற்கிறவன் நான். வெளியிடத்து டீயில் வாய் வைத்தால் இது எந்தச் சரிவு இலை, அடுப்பில் எத்தனை நிமிஷம் கூடுதலாகக் கிடந்தது என்றுதான் புத்தி போகும், சொல்ல வந்தது பின்னால் போய்விடும். தண்ணீர் இருந்தால் போதும்.

நான் சொல்வதை நீங்கள் மலையாளத்திலேயே எழுதிக்கொள்ளலாம். முடித்ததும் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பெயர் வேதமுத்து. வயசு நாற்பத்தொன்று. சின்னக்கானலுக்கு மேலே உள்ள தோட்டத்தில், தேயிலை ஃபாக்டரியின் மேல்மாடிக்கு நான்தான் சூப்பர்வைசர். போன வருஷம், எழுபத்தி நாலு ஏப்ரலில், ஞானசிகாமணி என்று ஒரு பையன் ஓடைப்பாதையில் யானை அடித்துச் செத்தானே, அந்தக் கேஸ் காகிதம் இந்த ஸ்டேஷன் அலமாரியில்தான் இருக்கும். அதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பஸ் ஏறி வந்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்ள நேரமும் இருந்ததில்லை. எங்கள் வேதக்கோயிலின் வாலிபர் சங்கத்தைப் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். சம்பளமில்லாத வேலை. போதகர் ஐயர் மாதத்துக்கு ஒரு தடவைதான் ஜீப்பில் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் பிள்ளைகளுக்கு நான்தான். பதிமூன்று வயசிலிருந்து பத்தொன்பது வரைக்கும், போன வருஷக் கணக்குக்கு இருபத்து மூன்று பேர். அநேகமாக எல்லாரும் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள், அப்பன் ஆத்தாள் இலை எடுக்கப் போய்விட்டால் கேட்க நாதியில்லாதவர்கள். தமிழ் எழுத்து நான் சொல்லிக்கொடுத்தது. மரப்பலகையில் சாக்பீஸால் என் கையைப் பிடித்துப் பழகிய பிள்ளைகள். பாட்டும் ஜெபமும் நான் சொல்லிக்கொடுத்தது. அண்ணாச்சி, அண்ணாச்சி என்று காலைச் சுற்றிக்கொண்டே கிடப்பார்கள்.

பெரிய வெள்ளிக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நான் ஆரம்பித்து வைத்ததுதான். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் நடக்கிற ஆராதனை முடிந்ததும், பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் தங்கள் பாவத்தை எழுதுவார்கள். பெயர் போடக் கூடாது. சில்வர் ஓக் மரத்தில் ஆளுயரச் சிலுவை ஒன்று செய்து வைத்திருக்கிறோம். தேயிலைப் பெட்டி ஆணியை வைத்து ஒவ்வொருவராக வந்து சீட்டை அதில் அடிப்பார்கள். ஆணி அடிக்கிற சத்தத்தில் பெரிய பையன்களே அழுதுவிடுவார்கள். பிறகு நான் சீட்டுகளையெல்லாம் பிடுங்கி ஒரு தகர டப்பாவில் போட்டு, பிள்ளைகளில் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஃபாக்டரி அடுப்பில் கொட்டிவிடுவேன். கர்த்தர் படித்தாயிற்று, இனி யாரும் படிக்கப் போவதில்லை என்று சொல்வேன். ஒரு பாட்டுப் பாடிக் கலைவோம்.

டப்பா இரண்டு சார். ஒரே மாதிரி டப்பா, தேயிலைச் சாம்பிள் எடுத்து வைக்கிறது. எரிந்தது வெள்ளைக் காகிதம்.

முதல் வருஷம் அப்படிச் செய்யவில்லை. உண்மையாகவே எரித்தேன். அந்த வருஷம் எங்கள் பையன் ஒருவன் கிணற்றில் விழுந்து செத்தான். அவன் சீட்டில் என்ன எழுதியிருந்தானோ என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. படித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே. மேய்க்கிறவனுக்குத் தன் ஆடு எங்கே நொண்டுகிறது என்று தெரிய வேண்டாமா? அடுத்த வருஷத்திலிருந்து படித்தேன். நல்லதற்குத்தான் படித்தேன். ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் யார் எழுதியது என்று பென்சிலால் குறித்து வைப்பேன். எழுதப் பழக்கியவனுக்குக் கை தெரியாதா.

அதனால் எவ்வளவோ நன்மை நடந்தது. டிஸ்பென்சரியில் மருந்து திருடின பையனை நானாகவே கூப்பிட்டு, எங்கே வைத்திருக்கிறாய், கொண்டுபோய்க் கொடு என்றேன். ஆடிப்போய்விட்டான். ஒரு பெண்பிள்ளை லாரி டிரைவர் ஒருவனுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று எழுதியிருந்தாள். அவள் அப்பனிடம், உன் மகளைக் கொஞ்சம் கவனி என்று மட்டும் சொன்னேன், வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் உத்தமபாளையத்தில் தாய்மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். பதினைந்து வயசு. போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது நன்றாகத்தான் இருக்கிறாளாம். "அண்ணாச்சிக்கு ஆவியானவர் எல்லாம் காட்டிக்கொடுத்துருதாரு" என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நான் அதை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

ஞானசிகாமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இலை எடுக்கிற ராசம்மாளின் ஒரே மகன். அப்பன் சின்ன வயசிலேயே மரம் வெட்டும்போது கிளை விழுந்து இறந்துபோனான். பத்து வயசிலிருந்து என் கையில் வளர்ந்த பிள்ளை. குரல் அப்படி இருக்கும் சார், அவன் பாட்டைத் தொடங்கினால் கோயில் ஓட்டில் இருக்கிற புறா கூட அடங்கிவிடும். அவனை உபதேசியார் படிப்புக்கு அனுப்புவதற்காக நான் திருநெல்வேலிக்கு எத்தனை கடிதம் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஜூன் மாதம் சேர வேண்டும் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அவனிடம் கொடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கென்று ஒரு பிள்ளை இருந்தால் இப்படித்தான் இருப்பான் என்று நினைத்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்த வருஷத்துப் பெரிய வெள்ளி முடிந்து, சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து சீட்டுகளைப் பிரித்தேன். வழக்கமான பாவங்கள்தான். பீடி, பொய், அம்மாவை எதிர்த்துப் பேசினது. பன்னிரண்டாவதோ பதிமூன்றாவதோ ஒரு சீட்டு. அது எனக்கு மனப்பாடம்.

"எனக்கு விசுவாசம் இல்லை. ஜெபம் பண்ணும்போது கண்ணை மட்டும் மூடிக்கொண்டு சும்மா இருக்கிறேன். வேதமுத்து அண்ணாச்சி மனசு நோகக் கூடாது என்றுதான் கோயிலுக்கு வருகிறேன். ஜூன் மாதத்துக்கு மேல் வர மாட்டேன்."

ஜூன் மாதம். வேறு யாருக்கு ஜூன் மாதம்?

பின்னால் அவன் பெயரை எழுதினேன். எழுதும்போது பென்சில் முனை ஒடிந்துவிட்டது. சார், நீங்கள் எத்தனையோ திருடனைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்து, உங்கள் தட்டில் கை வைத்துத் தின்றுவிட்டு ஏமாற்றுகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? ஏழு வருஷம் என் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான். நான் அவனுக்காக முழங்காலில் நின்றேன், அவன் பக்கத்தில் நின்று எப்போது முடியும் என்று காத்திருந்திருக்கிறான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. ஈஸ்டர் அன்று அவன் பாடினான், நன்றாகவே பாடினான். அந்தக் குரலைக் கேட்கக் கேட்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அதே சாயங்காலம் படித்த இன்னொரு சீட்டு மட்டும் ஆறுதலாக இருந்தது. "அண்ணாச்சியை அப்பா என்று கூப்பிட ஆசையாக இருக்கிறது. செத்துப்போன என் அப்பாவுக்கு அது துரோகம் என்று தோன்றுகிறது. மன்னியும் ஆண்டவரே." அது இன்பமேரியுடையது என்று குறித்தேன். அவளுக்கும் அப்பன் இல்லை, காய்ச்சலில் போனவன். முன்வரிசையில் உட்கார்ந்து பாடுகிற பிள்ளை. ஒருவன் கை விட்டாலும் இன்னொருத்தி இருக்கிறாள் என்று அந்தச் சீட்டைத் தனியாக பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன்.

இனி ஃபாக்டரிச் சங்கு விஷயம். மேல்மாடியில் நாலு பக்கமும் ஜன்னல், மலைச் சரிவெல்லாம் தெரியும். அதனால் சங்கின் சுவிட்சும் அங்கேதான், என் பொறுப்பில். நீளமாக ஒரு சங்கு என்றால் வேலை நேரம். குட்டையாக மூன்று என்றால் யானை இறங்கியிருக்கிறது. எதிர்க் குன்றில் காவலுக்கு குருசாமி நிற்பான். யானை கண்டால் சிவப்புத் துணியை மூங்கிலில் கட்டி ஆட்டுவான், நான் பார்த்துச் சங்கு ஊதுவேன். ஓடைப்பாதையில் இருக்கிறவர்கள் உடனே பம்ப் ஹவுஸுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எங்கிருந்தாலும் இரண்டு நிமிஷ ஓட்டம்தான். மூங்கில் மண்டிய ஈட்டக்காடு வழியாகப் போகிற பாதை அது, பெரியவர்கள் தனியாகப் போகப் பயப்படுவார்கள். எங்கள் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள். "மேல அண்ணாச்சி இருக்காக, பயமில்ல" என்பார்கள்.

ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை. சிகாமணியை நாலு மணிக்கு ஃபாக்டரிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தேன். முகத்துக்கு நேராகக் கேட்டுவிடலாம் என்றுதான் கூப்பிட்டேன். வேறு எண்ணம் இல்லை. இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். என் ஆட்கள் இரண்டு பேரும் கீழே இலை எடை போடுகிற இடத்துக்குப் போயிருந்தார்கள். எதிர்க் குன்றில் சிவப்புத் துணி ஆடியது. நன்றாகத் தெரிந்தது. துளி மஞ்சு மூட்டம் கிடையாது. ஒற்றைக் கொம்பன் யானை ஓடைக்கு இறங்குவதும் தெரிந்தது. இந்தப் பக்கம் லயத்திலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை ஓடைப்பாதையில் இறங்கியது. அந்தச் சட்டை கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்தது.

கை சுவிட்சில்தான் இருந்தது. அழுத்தவில்லை, அவ்வளவுதான். நான் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. இவனுக்கு விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்று கர்த்தருக்குத் தெரியும், அவர் நினைத்தால் யானையைத் திருப்பிவிடுவார், நான் நடுவில் நிற்க வேண்டாம் என்று தோன்றியது. குருசாமி துணியை ஆட்டிக்கொண்டே இருந்தான். வெள்ளைச் சட்டை ஈட்டக்காட்டுக்குள் போனது. அவசரமாகக்கூடப் போகவில்லை, சங்கு ஊதவில்லையே, அவன் ஏன் அவசரப்பட வேண்டும். நான் போய் மூன்றாவது தட்டில் இலையைப் புரட்டிவிட்டேன். அந்தத் தட்டு எப்போதும் சீக்கிரம் வாடிவிடும்.

நாலேகாலுக்கு மூன்று குட்டைச் சங்கு ஊதினேன். எடை முடிந்து பெண்கள் திரும்புகிற நேரம், அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

உங்கள் ஆட்கள் வந்து கேட்டபோது, துணியை நாலேகாலுக்குத்தான் பார்த்தேன், மஞ்சு இறங்கியிருந்தது என்றேன். குருசாமி மேனேஜர் துரையின் பங்களா வாசலில் நின்று, "ஆத்தா சத்தியமா ஆட்டுனேன் சாமி, கை ஓயுற வரைக்கும் ஆட்டுனேன், சங்கு வரல" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். அவன் குடிக்கிறவன் என்பது ஊருக்கே தெரியும், யாரும் நம்பவில்லை. வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். போகும்போது என்னிடம் வந்து, "நீங்களாவது சொல்லக் கூடாதா? நீங்க சொன்னா துரை கேப்பாருல்ல" என்றான். ஜெபித்துக்கொள்கிறேன் என்றேன். இப்போது போடியில் மூட்டை தூக்குகிறானாம். அவன் பெயரையும் திருத்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடக்கத்தில் நான்தான் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று ஐயரே சொன்னார். ராசம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓங்க பிள்ளைய்யா அவன், ஓங்க பிள்ளை" என்று அழுதாள். அவளுக்கு உண்மை தெரியாது, பாவம், மகன் எப்படிப்பட்டவன் என்று தெரியாமலே போகட்டும் என்று நினைத்தேன். அவனைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது நான் அவனுக்குச் செய்த கடைசி உபகாரம் என்று ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் பெரிய வெள்ளி. ஆராதனை முடிந்து பிள்ளைகள் வரிசையாக ஆணி அடித்தார்கள். இன்பமேரி மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போனதும் எழுந்து வந்தாள்.

"அண்ணாச்சி, நான் இந்த வருசம் சீட்டு எழுதல."

"ஏம்மா?"

"போன வருசம் எழுதுனதே போதும். அதுக்குத்தான் ஆண்டவரு சிகாமணி அண்ணனக் கொண்டு போயிட்டாரு."

அவளே சொன்னாள்.

"எனக்கு விசுவாசம் இல்லன்னு எழுதுனேன் அண்ணாச்சி. கண்ண மூடிக்கிட்டு சும்மா இருக்கேன்னு எழுதுனேன். ஒங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் வாரேன், ஜூனுக்கு மேல வர மாட்டேன்னு எழுதுனேன். ஜூன்ல போடிக்கு சித்தி வீட்டுக்குப் போயிரலாம்னு இருந்தேன். அஞ்சு நாள்ல அந்த அண்ணன யானை அடிச்சிட்டு. என்னைய அடிக்க வேண்டியது. அந்தச் சீட்டு அடுப்புல எரிஞ்சத நானேதான் சாட்சிக்கு நின்னு பாத்தேன், ஆனா எரியலயே அண்ணாச்சி, ஆண்டவரு படிச்சிட்டாருல்லா."

கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குற்றவாளி நிற்கிற மாதிரி நின்றாள். ஒரு வருஷமாக அப்படித்தான் நடமாடியிருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை. அன்றிலிருந்து உண்மையாகவே ஜெபிக்கிறேன் என்றாள், பயத்தில் ஜெபிக்கிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர் ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரத்தில் எழுந்து எல்லார் முன்னாலும் இதைச் சொல்லிவிட்டு, ராசம்மாள் காலில் விழப் போகிறாளாம். "அப்பதான் எனக்கு மூச்சு விட முடியும் அண்ணாச்சி" என்றாள். வீட்டுக்குப் போம்மா என்று அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்து போன வருஷத்து அந்த இரண்டு சீட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டும் ஒரே கை மாதிரி இருந்தது. அதே சாய்வு, அதே சுழி. மற்ற இருபத்தொன்றையும் பரப்பினேன். எல்லாமே ஒரே கை சார். எல்லாமே என் கை. நான் எழுதுகிற மாதிரியே எழுதப் பழக்கியிருக்கிறேன். இத்தனை வருஷம் பின்னால் பெயர் குறித்தேனே, எதை வைத்துக் குறித்தேன் என்று இப்போது எனக்கே விளங்கவில்லை.

அவளுடைய சீட்டை அவன் பெயரில் போட்டிருந்தேன். அப்படியானால் அவள் பெயரில் போட்டிருந்த சீட்டு யாருடையது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். செத்துப்போன அப்பன் உள்ள பிள்ளைகள் சங்கத்தில் இரண்டே பேர்தான். இந்த பைபிளுக்குள் இருக்கிறது. கொஞ்சம் மெதுவாகப் பிரியுங்கள், மடிப்பில் நைந்துவிட்டது, ஒரு வருஷமாகத் தினமும் எடுத்துப் படித்தேன்.

எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல மாட்டேன். ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அவன் ஒரு வார்த்தை, வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் சங்கு ஊதியிருப்பேன். அவள் முகத்துக்கு நேராக வந்து எனக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லியிருந்தாலும் ஊதியிருப்பேன். இரண்டு பேருமே சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லாமல் சீட்டில் எழுதினார்கள். ஆனாலும் அவள் நாளைக்கு எழுந்து நின்று, ஆண்டவர்தான் சிகாமணியைக் கொன்றார், என் பாவத்துக்காகக் கொன்றார் என்று சொன்னால் அது கோயிலில் சொல்லுகிற பொய்ச் சாட்சி. என் பிள்ளைகளில் ஒருத்தி அதைச் செய்ய நான் விடக் கூடாது. ஞானசிகாமணியைக் கொன்றது நான். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, துணியைப் பார்த்துக்கொண்டே, சங்கை ஊதாமல் கொன்றேன். இதை அப்படியே எழுதி, நாளை ஆராதனை தொடங்குவதற்கு முன்னால் யாராவது ஒருவர் மேலே போய் அவளிடம் சொல்ல வேண்டும். ஐயரிடம் சொன்னால் அவர் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவார், அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

வாசித்து முடித்தாயிற்றா? சரி. எங்கே கையெழுத்து? இங்கேயா?

ஒரு சின்ன உபகாரம் சார். சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருக்கிறதை மேஜைமேல் வைக்கச் சொன்னீர்கள், வைத்துவிட்டேன். அந்த டப்பாவை மட்டும் இப்போதே பூட்டி வைக்க வேண்டாம். அதில் இருப்பது நேற்று எழுதின சீட்டுகள், இருபத்தொன்று. இருந்த கலக்கத்தில் இன்னும் பிரிக்கவே இல்லை. பத்து நிமிஷம் கொடுத்தால் போதும், இங்கேயே ஓரமாக உட்கார்ந்து படித்துவிடுகிறேன். பிள்ளைகள் என்னை நம்பி எழுதியது.